எம்.டிஎச். (முதுநிலை இறையியல்): சேர்வதற்கு முன்பிருந்து ஆய்வேடு பைண்டிங் வரை

பி.டி. (இளநிலை இறையியல்) முடித்து இரண்டு மூன்று வருடம் சேகரத்தில் (ஒரு ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) ஊழியம் பார்த்துவிட்டு, "ஐயா, எம்.டிஎச். போடலாம்னு இருக்கேன், எந்தத் துறை எடுக்கலாம்?" என்று கேட்டு வரும் இளம் ஆயர்கள் வருடா வருடம் உண்டு. துறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எந்தப் பட்டம், யார் தருவது, முடித்த பிறகு அதை யார் ஏற்பார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் சேர்ந்து, இரண்டு வருடம் கழித்து "இந்தச் சான்றிதழை வைத்து டி.டிஎச். முனைவர் படிப்பில் சேர முடியாதாமே" என்று அலைகிறவர்கள் குறைவில்லை.

தமிழ்நாட்டுச் சபைகளில் பெரும்பாலும் பேசப்படுவது செராம்பூர் பட்டம். கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூன்று மிஷனரிகள், அப்போது டேனியர் வசமிருந்த வங்காளத்துச் செராம்பூரில் 1818-ல் தொடங்கிய கல்லூரி அது. 1827-ல் டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரெடெரிக் தந்த சாசனம் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்தது. 1845-ல் ஊரே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோதும் அந்த உரிமை பறிபோகவில்லை. 1918-ல் வந்த வங்காளச் சட்டம்தான் இறையியல் பட்டங்களை நடத்தும் இன்றைய செனட் அமைப்புக்கு அடிப்படை. பெங்களூரு யுனைட்டெட் இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல், மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி எல்லாம் இந்த செனட்டோடு இணைந்தவை. படிப்பது எங்கே ஆனாலும் பட்டம் செராம்பூர் பெயரில்தான் வரும். இங்கே எம்.டிஎச். சேர பி.டி. அடிப்படைத் தகுதி, அதிலும் நல்ல தரம் வேண்டும். எல்லாத் துறையும் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. கிறிஸ்தவ இறையியல் துறை அந்த வருடம் எங்கே நடக்கிறது, எத்தனை இடம் என்று அந்தந்த அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஏ.டி.ஏ. எனப்படும் ஆசிய இறையியல் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள். ஏதாவது ஒரு டிகிரி முடித்தவர் மூன்று வருட எம்.டிவ். (ஊழியப் பயிற்சிக்கான இறையியல் பட்டம்) படித்து, அங்கிருந்து எம்.டிஎச். போகலாம். ஏ.டி.ஏ. எம்.டிவ். கையில் இருந்தால் செராம்பூர் எம்.டிஎச்.சில் நேராக உட்கார்ந்துவிடலாம் என்று தாமாகவே முடிவு செய்துகொள்வதுதான் இங்கே நடக்கும் தவறு. இணைப்புத் தாள்கள் எழுதச் சொல்வார்களா, பி.டி.யில் எந்த வருடத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்பதையெல்லாம் விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் "பார்த்துக்கலாம் வாங்க" என்று சொன்னதற்கு ஜூன் மாதத்தில் ஒரு மதிப்பும் இருக்காது.

மூன்றாவது, அரசுப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே கிறிஸ்தவ இயல் துறை இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே இறையியலை அறிவுத்துறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இது பொருந்தும். இறையியல் கல்லூரியில் ஆசிரியராக வேண்டும் என்றால் மட்டும் இது பி.டி., எம்.டிஎச். வழிக்கு ஈடாகாது. கத்தோலிக்கர்களுக்கு வழியே வேறு. இளநிலை இறையியலுக்குப் பின் வருகிற லைசென்சியேட்தான் அங்கே முதுநிலை. பெங்களூரு தர்மாராம், புனே ஞான தீபம் இரண்டும் அதற்குத் தெரிந்த இடங்கள்.

ஆறு மாதத்தில் தபாலில் எம்.டிஎச்., கூடவே கௌரவ டாக்டர் பட்டம், பட்டமளிப்பு கவுனோடு போட்டோ என்று விளம்பரம் செய்யும் கடைகளும் உண்டு. ஒரு இடத்தை எடைபோட எளிய வழி, நூலகத்தைக் காட்டச் சொல்வது. அப்படியே கடைசியாகச் சமர்ப்பிக்கப்பட்ட ஆய்வேடுகள் இரண்டைப் புரட்டிப் பார்க்கக் கேளுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடலாம்.

கல்லூரி முடிவானதும் பேராயரிடம் போக வேண்டும். பரிந்துரைக் கடிதம் வேறு, படிப்பு விடுப்பு வேறு, சம்பளம் வேறு. மூன்றும் தனித்தனியாக எழுத்தில் வர வேண்டும். படிக்கும் காலத்தில் முழுச் சம்பளமா, பாதியா, இல்லையா? முடித்து வந்தபின் எத்தனை வருடம் திருமண்டலத்திலேயே (பேராயரின் ஆளுகைப் பகுதியிலேயே) ஊழியம் செய்ய வேண்டும் என்று பாண்டு (உறுதிப் பத்திரம்) கேட்பார்களா? சேகரத்து வீட்டை எப்போது காலி செய்ய வேண்டும்? ஆயர்களின் மாறுதல் கோடையில் வரும், கல்லூரியும் ஜூனில் திறக்கும். பிள்ளைகளின் பள்ளி மாற்றமும் இந்த இடைவெளியில்தான் விழும். குடும்ப விடுதியில் இடம் குறைவு, ஆகவே விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்டுவிட வேண்டும். செலவுக் கணக்கில் எல்லோரும் கட்டணத்தையும் மெஸ்ஸையும் எழுதுவார்கள். தேர்வுக் கட்டணம், கள ஆய்வுப் பயணம், ஆவணக்காப்பக நகல் செலவு, கடைசியில் பிரிண்ட், பைண்டிங் ஆகியவற்றை விட்டுவிடுவார்கள். இவை எல்லாம் இரண்டாம் வருடத்தில், கையில் காசு வற்றும் நேரத்தில் வரும்.

முதல் வருடம் பாடங்கள், கருத்தரங்குக் கட்டுரைகள், தேர்வுகள். பி.டி.யில் ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகத்தை நன்றாகப் படித்தால் போதும் என்றிருந்தவர்களுக்கு இங்கே வாசிப்புப் பட்டியலே மிரட்டும். முழுவதையும் வாசிக்க முயல்கிறவர்கள் செப்டம்பரிலேயே சோர்ந்துவிடுவார்கள். மூலத்தை முதலில், மெதுவாக வாசிக்க வேண்டும். மற்றவர்கள் அதைப் பற்றி எழுதியதை அதற்குப் பிறகு, வேகமாகப் புரட்டினால் போதும். கி.பி. 451-ல் கல்சிதோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் கிறிஸ்துவின் தெய்வீகம், மனிதம் என்ற இரு தன்மைகள் குறித்து வெளியிட்ட அறிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. அதை நாலு தடவை வாசித்து, எந்தச் சொல் எந்த எதிர்தரப்பை மறுக்க வந்தது என்று ஓரத்தில் குறித்துவிட்டுப் பாடநூலைத் திறந்தால், அதைப் பற்றிய 40 பக்கம் பாதி நேரத்தில் முடியும்.

சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் வேறு கதை. அவருடைய 'திருச்சபைக் கோட்பாட்டியல்' 1932 முதல் 1967 வரை 13 பகுதிகளாக வந்தது. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து முடித்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு பிரிவின் தலைப்பிலும் அந்தப் பிரிவு சொல்ல வருவதை அவரே ஒரு சிறு பத்தியாகச் சுருக்கி வைத்திருப்பார். முதலில் அந்தச் சுருக்கங்களை மட்டும் வரிசையாக வாசியுங்கள். வேதபகுதி விளக்கங்களும் சண்டைகளும் பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் கேள்விக்குத் தேவையான இடத்தில் மட்டும் அந்தப் பொடி எழுத்துக்குள் இறங்கினால் போதும்.

தமிழ் வழியில் பி.டி. படித்து வருகிறவர்களுக்கு ஆங்கிலம் பயம்தான். ஆனால் இலக்கணப் பிழையால் எம்.டிஎச். தவறியவர் என்று யாரையும் காட்டுவது கடினம். தினமும் ஒரு ஆய்விதழ்க் கட்டுரை வாசித்து, ஆசிரியர் என்ன வாதிடுகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் மூன்று மாதத்தில் கை ஓடும். 'இந்தியன் ஜர்னல் ஆஃப் தியாலஜி'யின் பழைய இதழ்கள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

உண்மையில் ஆளைத் தள்ளிவிடுவது பிரசங்கப் பழக்கம். பத்து வருடம் மேடையில் நின்றவருக்கு எந்த வசனத்தைத் தொட்டாலும் மூன்று குறிப்புகளும் ஒரு அழைப்பும் தானாக வந்துவிடும். ஆய்வேடு கேட்பது ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலை மறுப்பவருக்கு ஒரு மறுமொழி. இந்த வித்தியாசம் தலைப்புத் தேர்விலேயே தெரிந்துவிடும்.

ஏ. ஜே. அப்பாசாமியை எடுத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் பிறந்து, யோவான் நற்செய்தியையும் பக்தி இலக்கியத்தையும் ஒப்பிட்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்து, பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரானவர். முதல் நாள் மாணவர் கொண்டுவரும் தலைப்பு "இந்திய கிறிஸ்தவ இறையியலில் பக்தி". இதில் இருபது ஆய்வேடு எழுதலாம், ஒன்றைக்கூட முடிக்க முடியாது. கொஞ்சம் பேசினால் "அப்பாசாமியின் பக்தி இறையியல்" ஆகும். இதுவும் தலைப்புத்தான், இன்னும் கேள்வியாகவில்லை. அடுத்த சுற்றில் "அப்பாசாமியின் யோவான் விளக்கத்தில் ஐக்கியம்" என்று சுருங்கும். இப்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்ற யோவான் 10:30-ஐ இருவரும் ஒரே பொருள் என்ற அத்வைத ஐக்கியமாக எடுக்காமல், அன்பிலும் சித்தத்திலும் இசைந்திருக்கிற ஒழுக்க ஐக்கியமாக அவர் வாசிக்கிறார். அதே கையோடு, ராமானுஜரிடமிருந்து அந்தர்யாமி (உள்ளிருந்து இயக்கும் இறைவன்) என்ற கருத்தையும் உடல்–ஆன்மா உறவையும் எடுத்துக்கொள்கிறார். அப்படியானால் கேள்வி இது: ஒழுக்க ஐக்கியம் என்ற வாசிப்பு கல்சிதோன் சொல்லும் இரு தன்மைகளைத் தாங்குமா, அல்லது இயேசுவைத் தலைசிறந்த பக்தராக மட்டும் விட்டுவிடுமா?

இந்தக் கேள்விக்கு மூன்று தகுதிகள் உண்டு. ஒருவர் "தாங்கும்" என்றும் இன்னொருவர் "தாங்காது" என்றும் நியாயத்தோடு சொல்லலாம். மூல நூல்களை ஒரு தாளில் பட்டியலிட்டுவிடலாம். அவை பெங்களூருவிலோ சென்னையிலோ நூலகத்தில் கிடைக்கும். உங்கள் தலைப்பை இந்த மூன்றிலும் உரசிப் பாருங்கள். எதிர்ப்பக்கம் நின்று வாதாட ஆளே இல்லாத தலைப்பு என்றால் அது பிரசங்கம், சந்தேகமே வேண்டாம்.

தலித் இறையியல் எடுக்கிறவர்கள் அதிகம், எடுக்க வேண்டியதும்தான். இறையியலாளர் அரவிந்த் நிர்மல் 1981-ல் பெங்களூருவில் ஆற்றிய உரையிலிருந்து தொடங்கும் அந்த மரபு இன்னும் சூடு ஆறாதது. ஆனால் ஆய்வேடு பல நேரம் ஒரே அச்சில் வருகிறது: முதல் 40 பக்கம் சாதியின் வரலாறு, அடுத்த 30 பக்கம் நிர்மலின் சுருக்கம், கடைசி 20 பக்கத்தில் சபைக்கு அறிவுரை. சாதி வரலாற்றுக்கு ஐந்து பக்கம் போதும். "என் தகப்பன் அலைந்து திரிந்த அரமேயன்" என்ற உபாகமம் 26:5 அறிக்கையை நிர்மல் தலித் அறிக்கையாக வாசித்தாரே, அந்த வாசிப்பு பிந்தைய தலைமுறை எழுத்துகளில் எப்படி மாறுகிறது என்று அந்த ஒன்றையே பிடித்தால் 90 பக்கமும் ஆய்வாக இருக்கும்.

மூலங்களைத் தேடும்போது அச்சுப் புத்தகத்தோடு நின்றுவிடாதீர்கள். இந்திய கிறிஸ்தவ இறையியலில் எழுதிய சக்கரை, செஞ்சையா போன்றவர்கள் ஆயர்கள் அல்ல. ஒருவர் வக்கீல், இன்னொருவர் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதி. அவர்கள் எழுத்தில் பெரும்பகுதி இதழ்களில் சிதறிக் கிடக்கிறது. தரங்கம்பாடி மிஷனைத் தொடுகிற தலைப்பானால் அந்த மிஷனோடு தொடர்புடைய, ஜெர்மனியின் ஹாலே நகர் ஃபிராங்கே நிறுவனத்தின் ஆவணங்களில் பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். பாடல்களை மூலமாக எடுத்தால் இன்னும் கவனம் வேண்டும். பரட்டை என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவுவின் பாடல்கள் ஊருக்கு ஊர் வரி மாறிப் பாடப்படுகின்றன. எந்த அச்சுப் பிரதி, எந்தச் சபை, யார் பாடியது, எந்தத் தேதி என்று ஒலிப்பதிவோடு குறித்துக்கொள்ளாவிட்டால், தேர்வாளர் "இந்த வரி நான் கேட்டதில் இல்லையே" என்று ஒரே கேள்வியில் அத்தியாயத்தைக் கவிழ்த்துவிடுவார்.

குறிப்பெடுக்கும் முறையில் ஒரு ஒழுங்கு கட்டாயம். ஒரு மேற்கோள் எழுதும்போதே நூல், பதிப்பு, வருடம், பக்கம் நான்கும் அதே அட்டையில் இருக்க வேண்டும். மேற்கோளை மேற்கோள்குறிக்குள் போட்டு, உங்கள் கருத்தை வேறு நிற மையில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எது உங்கள் வாக்கியம், எது ஆசிரியருடையது என்று தெரியாமல் போவதுதான் பெரும்பாலான கருத்துத் திருட்டுப் புகார்களுக்குக் காரணம். வேண்டுமென்றே திருடுகிறவர்கள் குறைவு. கணினி பழகியவர்கள் ஜொடேரோ என்ற நூற்குறிப்பு மென்பொருளைப் பயன்படுத்தலாம், இலவசம்தான். தமிழ் நூல்களின் விவரத்தை அதில் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும், அதற்குச் சோம்பல்படக் கூடாது.

இனி எழுத்து. யோவான் 15-ஐப் பற்றி ஒரு வரைவில் இப்படி வரும்: "'என்னில் நிலைத்திருங்கள்' என்கிறார் ஆண்டவர். இன்று நாம் அவரில் நிலைத்திருக்கிறோமா? அப்பாசாமி இந்த உண்மையை எவ்வளவு அழகாக உணர்ந்திருந்தார்!" மூன்று வாக்கியம், மூன்றும் மேடைக்கு உரியவை. முதலாவது வசனத்தை விளக்கம் தேவையில்லாததாக வைக்கிறது. இரண்டாவது வாசகரின் இருதயத்தைக் கேட்கிறது. மூன்றாவது பாராட்டு. இதையே இப்படி மாற்றலாம்: "யோவான் 15-ன் நிலைத்திருத்தலை, பக்தர் ஆண்டவரோடு தொடரும் அன்புறவாக அப்பாசாமி எடுத்துக்கொள்கிறார். ஆனால் திராட்சச்செடி உவமை ஒரே செடியின் பல கொடிகளைப் பற்றியது. கூட்டு வாழ்வுக்கு இந்த வாசிப்பில் எவ்வளவு இடம்? சுருதி (வேதம்), யுக்தி (பகுத்தறிவு), அனுபவம் ஆகியவற்றோடு சபையையும் ஒரு பிரமாணமாக (ஆதாரமாக) வைத்தவர் அவர் என்பதால், இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது." இங்கே ஒரு கூற்று, ஒரு தடை, தடைக்கு ஒரு தடை இருக்கிறது. அடுத்த பத்தி எங்கே போக வேண்டும் என்பதும் தானாகத் தெரிகிறது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் முடித்தவுடன் "நாம்", "இன்றைய திருச்சபை", "வேண்டும்" ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். பக்கத்துக்கு நாலு தடவை வந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுத வேண்டியதுதான்.

கள ஆய்வு வேண்டுமா என்று யோசித்துச் சேருங்கள். 50 பேரிடம் படிவம் நிரப்பி வாங்கி, 82 சதவீதம் பேர் திரித்துவத்தை நம்புகிறார்கள் என்று வரைபடம் போட்டால் அதனால் எந்த இறையியல் கேள்விக்கும் பதில் கிடைக்காது. அதிலும் படிவத்தைத் தம் சொந்தச் சேகரத்திலேயே ஆயர் கொடுத்தால், ஆயருக்குப் பிடித்த பதில்தான் வரும். வேறு சேகரத்தில் பத்துப் பேரோடு ஒரு மணி நேரம் பேசி, அனுமதி வாங்கிப் பதிவு செய்து, பெயரை மறைத்து எழுதுவது அதைவிடப் பலன் தரும். சாதி பற்றிய கேள்வியை முதல் பத்து நிமிடத்தில் கேட்டுவிடாதீர்கள்.

நேரக் கணக்கு. கல்லூரிக் கையேட்டில் ஆய்வேட்டுக்கு 30,000 சொல் என்று இருந்தால் முன்னுரைக்கு 3,000, நான்கு அத்தியாயங்களுக்குத் தலா 6,000, முடிவுரைக்கு 3,000. வாரம் ஐந்து நாள், நாளுக்கு 300 சொல் எழுதினால் 20 வாரத்தில் முதல் வரைவு கைக்கு வரும். காகிதத்தில் இது சுலபம். நடைமுறையில் டிசம்பர் முழுக்க கீத ஆராதனையும் கிறிஸ்துமஸ் செய்தியும், லெந்து எனும் தவக்கால நாட்களில் தியானக் கூட்டங்களும், புனித வெள்ளிக்கு இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றைப் பற்றிய பிரசங்கமும், ஊரில் அசனப் பண்டிகையும் (சபையின் பொது விருந்தும்) அழைத்துக்கொண்டே இருக்கும். மறுத்தால் மனஸ்தாபம், போனால் வாரம் போச்சு. மாதம் ஒரு ஞாயிறு மட்டும் என்று சேர்ந்த அன்றே எல்லோரிடமும் சொல்லிவிடுவது ஒன்றுதான் வழி. 20 வாரத்தை எண்ணும்போது டிசம்பரையும் லெந்துவையும் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

வழிகாட்டியிடம் மொத்த அத்தியாயமாகக் கொண்டுபோகாமல் பத்துப் பத்துப் பக்கமாகக் கொடுங்கள். 60 பக்கம் கொடுத்தால் மேசையில் ஒரு மாதம் கிடக்கும், பத்து என்றால் இரண்டு நாளில் திரும்பும். சந்திப்பு முடிந்த அன்றே, பேசி முடிவானதை நாலு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பது மார்ச் மாதத்தில் வராமல் இருக்கும்.

கடைசி மாதத்தில் கழுத்தைப் பிடிப்பவை சில்லறை விஷயங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் மேற்கோள்கள் பிரிண்ட் கடை கணினியில் குப்பையாக விழும், தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் அடித்துவிடுங்கள். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தரும்போது ழ, ள, ற, ன வேறுபாட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையை எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதையே பின்பற்றுங்கள். அடிக்குறிப்புக்கும் நூற்பட்டியலுக்கும் நிறுத்தக்குறி விதி வேறு வேறு, அதைச் சரிபார்க்கவே ஒரு வாரம் தனியாக ஒதுக்க வேண்டும். பைண்டிங் பக்கம் விடும் ஓரம் கையேட்டில் சொன்ன அளவுக்கு இல்லையென்றால் தையலில் எழுத்து மறைந்துபோகும். எல்லாப் பிரதிகளையும் ஒரே நேரத்தில் கட்டக் கொடுக்காமல், ஒரு பிரதியை மட்டும் முதலில் கட்டி, பக்க எண் வரிசையை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் சரி சொல்லுங்கள். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) போகும்போது உங்கள் பிரதியில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு தாள் ஒட்டி, அதில் அந்த அத்தியாயத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான ஒரு வாதத்தையும் உங்கள் பதில் இருக்கும் பக்க எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள்.